தவளை கத்தினால் மட்டும்

"யாரு கூப்பிட்டாலும் வரக்கூடாது. சரியா?"

"சரி பெரிம்மா."

"அந்த அக்கா வந்து கூப்பிட்டா?"

"வர மாட்டேன்."

"யூனிஃபார்ம் போட்ட மாமா வந்து கூப்பிட்டா?"

"மாட்டேன்."

"பெரிம்மாவே வந்து, போதும்டி செல்லம், விளையாட்டு முடிஞ்சுதுன்னு கூப்பிட்டா?"

வாயாடி கொஞ்சம் யோசித்தாள். பெரியம்மாவே கூப்பிட்டும் வராமல் இருப்பது நல்ல பிள்ளைக்கு அழகா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாலு வயதுக்கு அது பெரிய சந்தேகம்தான்.

"அப்பவும் வரக்கூடாதா?"

"வரக்கூடாது. நான் சும்மா உன்னை ஏமாத்திப் பாப்பேன். ஏமாறக்கூடாது. இது கத்தினா மட்டும்தான் வரணும்."

பெரியம்மாவான பேராசிரியை உள்ளங்கையை விரித்தாள். பச்சைப் பெயிண்ட் அடித்த தகரத் தவளை ஒன்று அதில் உட்கார்ந்திருந்தது. வயிற்றுத் தகட்டை அழுத்தினால் டக், டக் என்று கத்தும். அழுத்திக் காட்டினாள். வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தவளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, அதற்குப் பல் உண்டா, பல் இருந்தால் அம்மா வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கு வருமா என்று மூச்சு விடாமல் கேட்டாள். அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

பேராசிரியைக்குப் பல்கலைக்கழகத்தில், உளவியல் துறையில் வேலை. அந்தத் துறையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் "ஆராய்ச்சி ஆர்வம்" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். ஒருவருக்குக் கைக்குழந்தைகளின் தூக்கம். ஒருவருக்கு அண்ணன் தம்பிப் பொறாமை. இவளுக்கு, "தனித்திருக்கும்போது வாக்குக் காத்தல்". கேட்பதற்கு என்னவோ பெரிய தத்துவம் மாதிரி இருக்கும். விஷயம் சாதாரணம்தான். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சின்னப் பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றுமா? காப்பாற்றாது என்பது அவள் கட்சி. நாலு வயதுப் பிள்ளைக்கு வாக்கு என்பது எதிரில் ஆள் நிற்கும் வரைதான் என்று புத்தகமே எழுதியிருந்தாள். அந்தப் புத்தகத்தைச் சொல்லாமல் அந்தத் துறையில் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். அவளும் அதை மறக்க மாட்டாள், மற்றவர்களையும் மறக்க விடமாட்டாள்.

இப்போது அதற்கு அடுத்த படி. பிள்ளையை ஒளிந்துகொள்ளச் சொல்லிவிட்டு, பலரை விட்டுப் பொய்யாகக் கூப்பிட வைப்பது. எந்தக் குரலுக்குப் பிள்ளை முதலில் வெளியே வருகிறது என்று பார்ப்பது. வெளிப்பிள்ளைகளை அழைத்துவருவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டும் அல்லவா? அந்தத் துறையில் இருக்கிற அத்தனை பேரும் இதற்கு ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: வீட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வருவார்கள். சொந்தப் பிள்ளை இல்லாதவர்கள் இரவல் வாங்குவார்கள். பேராசிரியை கல்யாணம் செய்துகொள்ளாதவள். தங்கையிடம் இரவல் கேட்டாள்.

"சின்ன வயசுல என்னை வெச்சுப் பண்ணின சோதனை எல்லாம் போதாதுன்னு இப்ப என் பிள்ளையுமா?" என்று தங்கை போனில் சிரித்தாள். அவளுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. புருஷன் கப்பலில் இருக்கிறான், வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல்.

"என்ன பெரிய சோதனை? ஒளிஞ்சு விளையாடப் போறா. உன் பொண்ணு வாய் மூடி நான் பார்த்ததே இல்ல. ஒளிஞ்ச உடனே வெளிய வந்து கதை அளக்க ஆரம்பிச்சிடுவா. ஒத்திகைதானேடி."

"அக்கா, அவ வந்து..." என்று தங்கை எதையோ தொடங்கினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் வந்து கூட்டிக்கிறேன்."

பேராசிரியை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் மாடியில் அந்த விளையாட்டறை. ஒரு திரைச்சீலை, ஒரு துணிக் கூடாரம், பொம்மை அலமாரி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். ஒரு சுவரில் பெரிய கண்ணாடி. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் இருட்டான சின்ன அறை ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்து பார்த்தால் விளையாட்டறை முழுக்கத் தெரியும். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு குட்டிக் கதவு. சுவரோடு சுவராகப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒட்டியிருந்தார்கள், பிள்ளைகள் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. வெளிப்பிள்ளை யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் வாயாடி வீட்டுப் பிள்ளை ஆயிற்றே. பெரியம்மா காலையில் அந்த ஒட்டகச்சிவிங்கியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் சால்வை எடுத்து வந்ததை அவள் பார்த்துவிட்டாள். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

விளையாட்டு தொடங்கியது. 'அந்த அக்கா'வான ஆராய்ச்சி மாணவி, யூனிஃபார்ம் மாமாவாக நடிக்கக் காவலாளியைக் கூட்டிவரக் கீழே போனாள். பேராசிரியை இருட்டறையில் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். குளிருக்காகப் போட்டிருந்த சால்வையை நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, தவளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வாயாடி திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். கால் இரண்டும் வெளியே தெரிந்தன. பேராசிரியைக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வந்துவிடுவாள் என்று நினைத்தாள்.

அப்போதுதான் கரண்ட் போயிற்று.

விளையாட்டறையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த காமிராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. கீழே எங்கோ டமார் என்று ஒரு சத்தம். பேராசிரியை எழுந்து, நடைபாதைப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பக்கத்து அறைகளிலிருந்தும் தலைகள் எட்டிப்பார்த்தன. என்ன ஏது என்று நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் மாடிப்படி வழியாக ரப்பர் கருகும் நாற்றம் ஏறியது. அபாயச் சங்கு அலறியது. "கீழ ஸ்விட்ச் ரூம்ல தீ! எல்லாரும் இறங்குங்க!" என்று யாரோ கத்திக்கொண்டே ஓடினார்கள்.

பேராசிரியை விளையாட்டறைக்கு ஓடினாள். நடைபாதைக் கதவு மாணவி விட்டுப்போன மாதிரியே ஒருக்களித்துத் திறந்து கிடந்தது. திரைச்சீலைக்குக் கீழே கால் இல்லை.

"செல்லம்! வாடி! விளையாட்டு முடிஞ்சுது! வெளிய வா!"

திரைச்சீலையை விலக்கினாள். கூடாரத்துக்குள் தலையை விட்டாள். அலமாரியைத் திறந்தாள். "வாயாடி! பெரிம்மா கூப்பிடறேன் பாரு, வா!" என்று மறுபடியும் கத்தினாள். ஒரு பதிலும் இல்லை. அவளுக்கு உடனே மனது சமாதானம் சொல்லிவிட்டது. அதுதான் நாலு வயது. சங்கு ஊதினதும் பயந்து வெளியே ஓடியிருப்பாள், கதவுதான் திறந்திருக்கிறதே, மாணவி கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போயிருப்பாள். தான் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்த இருட்டறையில் போய்த் தேட யாருக்குத்தான் தோன்றும்? சட்டைப்பையில் கிடந்த தவளையும் அவளுக்குத் தோன்றவில்லை. யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது என்று சட்டம் போட்டவளே, கூப்பிட்டேன் வரவில்லை, ஆகவே இங்கே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு படியிறங்கினாள். படித்த படிப்பு எங்கே போய் ஒளிந்துகொண்டதோ!

கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் கூட்டம் நின்றது. மாணவி ஓடிவந்தாள். கை இரண்டும் வெறுமையாக இருந்தன.

"மேடம், பாப்பா எங்க?"

"உன்கூட இல்லையா?"

"என்கூடவா? நான் காவலாளியைக் கூப்பிடத்தானே இறங்கினேன். உங்ககூடத்தான் இருக்கான்னு நினைச்சேன் மேடம்!"

பேராசிரியைக்குக் கை கால் ஓடவில்லை. ஆனாலும் மூளை ஓடிற்று. அவள் மூளை எப்போதும் ஓடும், அதுதான் அன்றைக்கு வினையாகப் போயிற்று.

தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதிகாரி இறங்கியதும் முதல் கேள்வியாக, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்றார்.

"ஒரு குழந்தையைக் காணோம். நாலு வயசு, பொண்ணு. ஆனா உள்ள இல்ல. நானே ரூம் பூரா தேடிட்டுத்தான் வந்தேன். கூப்பிட்டும் பார்த்தேன். கும்பலோட இறங்கி எங்கயோ ஓடிட்டா. வெளியதான் தேடணும்."

"நிச்சயமாச் சொல்றீங்களா?"

"நான் குழந்தைங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றவ. அந்த வயசுப் பிள்ளை சத்தம் போடாம ஒரு இடத்துல இருக்கவே இருக்காது சார். அதுவும் இந்தப் பிள்ளை!"

அவ்வளவு உறுதியாக ஒரு பேராசிரியை சொல்லும்போது அவர் என்ன செய்வார்? ஆட்களைத் தீயை அணைக்க அனுப்பினார். மற்றவர்கள் கார்களுக்கு நடுவே குனிந்து தேடினார்கள். காவலாளி வாசல் தாண்டி ரோட்டுப் பக்கம் ஓடினான். மாணவி அழுதுகொண்டே மரத்தடி, சைக்கிள் கொட்டகை என்று ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டாள். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பேராசிரியை ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் செத்துப் பிழைத்தாள். கட்டடத்தின் கீழ்மாடி ஜன்னல்களிலிருந்து கறுப்புப் புகை வந்துகொண்டே இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, குழந்தை அங்கே இல்லை என்று அவளுக்குத்தான் தெரியுமே.

தங்கை வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவள் அவள், யாரும் சொல்லி வரவில்லை. புகையையும் வண்டியையும் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா! பாப்பா எங்க?"

"தேடிட்டிருக்கோம். வெளிய ஓடிட்டாடி. பயப்படாதே, கிடைச்சிடுவா."

"வெளிய ஓடினதை யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கல. ஆனா..."

"பார்க்காம எப்படிச் சொல்றே? கடைசியா அவ என்ன பண்ணிட்டிருந்தா?"

"ஒளிஞ்சிட்டிருந்தா. நான் போய்க் கூப்பிட்டேன், வரல. ரூம்ல இல்ல."

தங்கையின் முகம் சட்டென்று வெளிறியது. "அவகிட்ட என்ன சொல்லி ஒளிய வெச்சே?"

"யாரு கூப்பிட்டாலும் வரக்கூடாதுன்னு..."

"நீ கூப்பிட்டா?"

பேராசிரியை முதல் முறையாகக் கட்டடத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீ கூப்பிட்டாலும் வரக்கூடாதுன்னு சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன். ஆனா அந்த வயசுக்கு அவ்வளவு நேரம் முடியாதுடி, சங்கு வேற ஊதிச்சு, எந்தப் பிள்ளையா இருந்தாலும்..."

"உள்ளதான் இருக்கா!" தங்கை போட்ட கூச்சலில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. "அவ உள்ளதான்க்கா இருக்கா! ஐயோ, அவ வரவே மாட்டா!"

"இல்லடி, அவளால வாய மூடிக்கிட்டு..."

"உனக்கு என்ன தெரியும் அவளைப் பத்தி? பகல் பூரா அவ என் மேஜைக்கு அடியிலதான் இருக்கா! நீ நினைக்கற மாதிரி குழந்தைங்க காப்பகத்துல இல்ல, என் காலடியில! நான் வேலைக்குப் போற நேரத்துக்குக் காப்பகம் திறக்கறதில்ல, திரும்பற நேரம் வரைக்கும் வெச்சுக்கறதும் இல்ல. நான் எங்க போவேன்? டாக்டர் தலை தெரிஞ்சா மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஆளுங்க வருவாங்க, போவாங்க, ஒருத்தருக்குத் தெரியாது. இருமல் வந்தாக்கூட என் துணிய வாயில வெச்சு அமுக்கிக்குவா. நான் காலால ரெண்டு தட்டு தட்டினாத்தான் வெளிய வருவா. ராத்திரி உனக்குப் போன் போட்டு ஏன் அப்படி ஓயாம பேசறா தெரியுமா? பகல் பூரா அடக்கி வெச்சது!"

"ஏன்டி என்கிட்டச் சொல்லல?" என்றாள் பேராசிரியை. அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் அதுதான் வந்தது.

"உன்கிட்டயா? தூக்கற விதம் தப்பு, அதட்டற விதம் தப்பு, இப்படிப் பேசினா பிள்ளை மனசு கெட்டுடும், அப்படிப் பார்த்தா பிள்ளை பயந்துடும்... வாராவாரம் பாடம் எடுப்பே. மேஜைக்கு அடியில வெச்சு வளக்கறேன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்வேன்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது பேராசிரியைக்கு. ஆனால் அழுவதற்கு நேரமில்லை. அதிகாரியிடம் ஓடினாள்.

"சார், நான் தப்பாச் சொல்லிட்டேன். குழந்தை உள்ள இருக்கு. ரெண்டாவது மாடி. தெருவைப் பார்த்த ரூம்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அவள் உயிருள்ளவரை மறக்கப்போவதில்லை. திரும்பி, முகமூடி போட்ட இரண்டு ஆட்களை ஏணி வைத்து ஜன்னல் வழியாக ஏறச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி உடைந்து கீழே கொட்டியது. இரண்டு பேரும் உள்ளே மறைந்தார்கள். அதிகாரி கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"ரூமுக்குள்ள வந்துட்டோம். புகை இருக்கு. பாப்பா! பாப்பா! வெளிய வாம்மா! மாமா வந்திருக்கேன்!"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "கூப்பிடாதீங்க சார், கூப்பிடாதீங்க! கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ள போவா!"

"கூடாரத்துல இல்ல. அலமாரியில இல்ல. யாருமில்ல சார்," என்றது வாக்கிடாக்கி. "நடைபாதையில புகை ஜாஸ்தியாகுது. கதவை மூடி வெச்சிருக்கோம். ரொம்ப நேரம் தாங்காது."

யூனிஃபார்ம் போட்ட மாமா வந்து கூப்பிட்டா? மாட்டேன். காலையில் தானே கேட்டு, தானே வாங்கிக்கொண்ட பதில் பேராசிரியையின் காதில் கேட்டது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. தகரம் விரலில் பட்டது.

"சார், இது! இது கத்தினாத்தான் வருவா. இதை அவங்ககிட்டக் குடுத்தனுப்புங்க!"

"இன்னொருத்தன் ஏறி இதைக் கொண்டுபோய்ச் சேக்கறதுக்குள்ள என்ன ஆகுமோ! அந்தக் கையுறையோட இதை அழுத்தவும் முடியாது," என்றார் அதிகாரி. பிறகு கையிலிருந்த வாக்கிடாக்கியைப் பார்த்தார். "இதுல கத்த வைங்க. அவங்க ரேடியோவுல கேக்கும்."

பேராசிரியை வாக்கிடாக்கியை வாங்கி, அதன் வாயருகே தவளையைப் பிடித்து அழுத்தினாள். டக். டக். மேலே ஒன்றும் நடக்கவில்லை.

"பொத்தானை அமுக்குங்கம்மா! அமுக்கினாத்தான் போகும்!"

ஒரு கையால் பொத்தான், ஒரு கையால் தவளை. தவளை நழுவிக் கீழே விழுந்தது. தங்கை பாய்ந்து எடுத்துக் கையில் திணித்தாள். "அழுத்துக்கா! அழுத்தித் தொலையேன்!"

டக், டக். டக், டக். டக், டக்.

பொத்தானை விட்டாள். கரகரப்பு. பிறகு மேலே இருந்தவர் குரல், மெதுவாக. "சார், சுவர் திறக்குது."

"என்ன?"

"ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்ட சுவர் சார். அது கதவு. குழந்தை தெரியுது. இருமுது."

"ஐயோ என் கண்ணே!" என்று தங்கை அக்காவின் தோளைப் பிடித்தாள்.

"என்னைப் பாத்துடுச்சு சார். பின்னால போகுது. பாப்பா, இரும்மா, வாம்மா! கதவை மூடிக்கப் பாக்குது சார்!"

"கிட்ட போகாதீங்க!" பேராசிரியை அதிகாரியிடம் கேட்காமலே பொத்தானை அழுத்திப் பேசினாள். குரல் இப்போது ஆடவில்லை. "ரெண்டு பேரும் அப்படியே தரையில உட்காருங்க. அவ முகத்தைப் பாக்காதீங்க, வேற எங்கயாவது பாருங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாது. ரேடியோவை உங்க மடிப் பக்கத்துல தரையில வைங்க. நான் தவளையை அழுத்தறேன். அவளா வந்து ரேடியோவைத் தொடட்டும். தொட்ட உடனே தூக்கிடுங்க."

அதிகாரி தடுக்கவில்லை. அவள் அழுத்தினாள். டக், டக். நிறுத்தினாள். டக், டக். மேலே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பொத்தானை விட்டால் மேலே நடப்பது கேட்கும், ஆனால் விட்டால் தவளைச் சத்தம் நின்றுபோகும். அவள் விடவில்லை. கட்டைவிரல் தகட்டில் கிழிந்து ரத்தம் வந்தது, அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலிலிருந்து புகை இப்போது திரிதிரியாக வெளியேறத் தொடங்கியிருந்தது. தங்கை அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, வாடி, வாடி, வாடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

டக், டக். டக், டக்.

ஜன்னலில் ஒரு முகமூடி தெரிந்தது. அதன் தோளில், பேராசிரியையின் சால்வையில் சுற்றியபடி, ஒரு சின்ன உருவம்.

கூட்டம் ஒன்றாகச் சத்தம் போட்டது. மாணவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை ஏணியடிக்கு ஓடி, வீரர் கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். பேராசிரியை ஓடவில்லை. நின்ற இடத்திலேயே இன்னும் தவளையை அழுத்திக்கொண்டிருந்தாள். அதிகாரிதான் அவள் கையைப் பிடித்து, "போதும்மா, வந்தாச்சு," என்றார்.

ஆம்புலன்ஸில் பிள்ளைக்கு மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். முகமெல்லாம் கரி. கண் சிவந்திருந்தது. நல்லவேளையாகப் புகை அந்த உள்ளறைக்குக் கடைசியில்தான் போயிருக்கிறது, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தால் போதும் என்று செவிலியர் சொன்னார். தங்கை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பாதங்களைத் தடவிக்கொண்டே இருந்தாள். பேராசிரியை எதிரில் உட்கார்ந்தாள். தங்கை அவளைப் போகச் சொல்லவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை.

கொஞ்சம் மூச்சு சீரானதும் வாயாடி மூக்குக் குழாயைத் தள்ளிவிட்டாள். வாய் சும்மா இருக்குமா?

"பெரிம்மா, நான் ஏமாறவே இல்ல!"

"ஆமாண்டி செல்லம்."

"திரைக்குப் பின்னால ஒளிஞ்சா கால் தெரியும்ல? அதான் நீங்க கதவைத் திறந்து வெளிய போற சத்தம் கேட்டதும் உங்க ரூமுக்குப் போயிட்டேன். மேஜைக்கு அடியில. அங்கதான் நல்லா ஒளிய முடியும். அப்புறம் நீங்க தேடினீங்க. கண்ணாடி வழியா நான் உங்களை எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தேன். கூடாரத்துக்குள்ள தலைய விட்டீங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. வாயப் பொத்திக்கிட்டேன்." இருமினாள். தண்ணீர் குடித்தாள். "நீங்க நல்லா ஏமாத்தினீங்க பெரிம்மா. நிஜமா கூப்பிடற மாதிரியே கூப்பிட்டீங்க. அப்பவும் நான் வரலையே! அப்புறம் புகை வந்துச்சு. இருமல் வந்துச்சு. உங்க சால்வையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டேன். சத்தம் வரக்கூடாதுல்ல?"

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பேராசிரியை இத்தனை வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை பிள்ளைகளைப் பார்த்தாளோ, அதில் ஒன்றாவது சொன்ன சொல்லை இப்படிக் காத்ததில்லை. வாக்கு வாங்கியது அவள், காத்தது இந்தப் பிள்ளை, அதற்கு உயிரே போகப்பார்த்தது.

அவள் முன்னால் குனிந்தாள். "செல்லம், நல்லாக் கேட்டுக்கோ. இனிமே அப்படி ஒளியவே கூடாது. அம்மா கூப்பிட்டா உடனே வரணும். பெரிம்மா கூப்பிட்டா உடனே வரணும். தீயணைக்கற மாமா, போலீஸ் மாமா, யாரு காப்பாத்தக் கூப்பிட்டாலும் வரணும். சரியா? விளையாட்டு முடிஞ்சுது." கையை நீட்டினாள். "வா, பெரிம்மாகிட்ட வா."

வாயாடி வரவில்லை.

அம்மாவின் மார்போடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாள். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஒரு விவரமான சந்தேகம் இருந்தது. காலையில் அங்கே இல்லாதது அது.

"சும்மாதானே சொல்றீங்க?" என்றாள்.

"இல்லடி. நிஜமாத்தான். சத்தியமா நிஜமாத்தான் சொல்றேன்!"

வாயாடியின் பார்வை பெரியம்மாவின் முகத்தை விட்டு இறங்கி, நீட்டிய கைக்குப் போயிற்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தது. ஒன்றும் இல்லை. மற்ற கையைப் பார்த்தது.

பேராசிரியைக்குப் புரிந்தது. இத்தனை புத்தகம் எழுதியவளுக்கு இதைக்கூடப் புரிந்துகொள்ளத் தெரியாவிட்டால் எப்படி? ஆனாலும் அவளால் அதைச் செய்ய முடியவில்லை. தவளை இருந்த கையை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அழுத்துக்கா," என்றாள் தங்கை. ஆம்புலன்ஸில் ஏறியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது, அதில் கோபம் இல்லை. "அழுத்தினாத்தான் வருவா."

பேராசிரியை ரத்தம் காய்ந்த கட்டைவிரலால் தவளையை அழுத்தினாள். டக், டக். வாயாடியின் முகம் மலர்ந்தது. அம்மாவின் மடியிலிருந்து இறங்கி, குழாயை இழுத்துக்கொண்டே வந்து, பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.